சேவலை விழவைத்த ஊதல்

எவுலோகியோ ஊதினார். கூரைமேல் உட்கார்ந்திருந்த சேவலின் வாலிறகுகூட அசையவில்லை.

சேவல் இருந்தது, மகள் மிர்த்தா அவர் முகத்துக்கு நேரே பிடித்திருந்த கைபேசியில்.

நுரையீரலில் அறுவை முடிந்ததிலிருந்து அவரை ஊதவைக்க எல்லோரும் படாத பாடு பட்டுவிட்டார்கள். மூன்று பந்து வைத்த பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்தால், இதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இப்படியே விட்டால் சளி கட்டிக்கொள்ளும், மறுபடி மூச்சுக்குக் குழாய் போடவேண்டி வரும் என்று டாக்டரம்மா மிர்த்தாவைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

மிர்த்தா பராகுவேயின் தலைநகர் அசுன்சியோனில் ஒரு காப்பீட்டு அலுவலகத்துக்கு மென்பொருள் எழுதுகிறவள். ஓய்வு கிடைத்தால் இணையத்தில் விளையாட்டுப் பக்கங்கள் செய்து போடுவாள். தொடப்போனால் ஓடும் பசு. தும்மினால் கலையும் மேகம். இதுக்காகவா உன்னைப் படிக்கவைத்தேன் என்று அவர் கேட்டதுண்டு.

இந்தச் சேவல் புதிது. மைக்கில் பலமாக ஊதினால் விழும். பலம் போதாவிட்டால் பேசும்.

பேசியது.

"என்னடா எவுலோகியோ, இதுக்குப் பேரு ஊதுறதா? கொசுகூடச் சிரிக்கும்டா."

அவர் காது சிவந்தது. கைபேசியை முறைத்தார். மகளை முறைத்தார். பிறகு கையூன்றி எழுந்து உட்கார்ந்தார்.

அடுத்த ஊதலில் இறகுகள் சிலிர்த்தன. சேவல் கொட்டாவி விட்டது.

அதற்கடுத்ததில் இருமல் பிடித்துக்கொண்டது. தையல் போட்ட விலாவை அமுக்கியபடி இருமினார். கெட்டிச் சளி வந்தது. மிர்த்தா கைபேசியை விலக்கப் பார்த்தாள். போதும் அப்பா என்றாள்.

"ஆட்டாத. ஒழுங்காப் பிடி."

நெஞ்சு கொள்ளும் மட்டும் மூச்சை இழுத்து ஊதினார்.

சேவல் இரண்டு காலும் மேலே தெரிய, கூரையிலிருந்து உருண்டு விழுந்தது.

டாக்டரம்மா அவர் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். அடிவரைக்கும் காற்றுப் போகிறது என்றார். குழாய்க்கு அவசியமில்லை.

மிர்த்தா கழுவறைக்குப் போய் ஒரு பாட்டம் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் பக்கத்து வீட்டுக் கிறிஸ்பின், தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைப் பானக் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். மாமரக் கிளையை வெட்டிய தகராறில் அவரும் அப்பாவும் பேச்சை நிறுத்தியபோது மிர்த்தா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

"விழுந்துச்சா?" என்றார், சேவலின் அதே குரலில்.

விழுந்தது என்று சொன்னாள். அவர் குவளையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உள்ளே வாங்க மாமா என்று கூப்பிட்டதற்கு மட்டும் அசையவில்லை.

"நான் வந்தா சமாதானமாயிடுவோம்மா. அப்புறம் யார்மேல உள்ள கோவத்துல ஊதுவான்? இன்னும் நாலு வசவு யோசிச்சு வச்சிருக்கேன், பதிஞ்சுக்கோ."