இறங்கும் வழிப் பக்கங்கள்

1937ஆம் வருடக் கோடை விடுமுறையின் முதல் நாள். மறுநாள் காலை மலை ஏறுவதற்குமுன் மலைப்பாதைப் புத்தகத்தைப் படித்துவிட வேண்டும் என்று போடிப் பள்ளி ஆசிரியை சுகிர்தம் உட்கார்ந்தாள். தாள்கள் ஓரம் மடிந்தபடியே அச்சகத்திலிருந்து வந்த புத்தகம் அது. கத்தியால் அறுத்துத்தான் பிரிக்க வேண்டும். மலைக்குப் போகிறவர்கள் ஏறும் வழிப் பக்கங்களை வீட்டிலேயே பிரித்துப் படிப்பார்கள். இறங்கும் வழிப் பக்கங்களை உச்சிக்குப் போன பிறகுதான் பிரிப்பார்கள்.

புத்தகம் அவள் அண்ணன் செல்வமணியுடையது. போன வருட விடுமுறையில் மலைக்குப் போனவன் திரும்பவில்லை. குரங்கணிப் பாதையோரம் கிடந்த புத்தகத்தை எடுத்துவந்து கொடுத்தவர் கழுதையில் சுமை ஏற்றும் சுருளிவேல். அன்று அதை உள்ளே வைத்துப் பூட்டிய அலமாரியை சுகிர்தம் இன்றுதான் திறந்தாள். இறங்கும் வழிப் பக்கங்கள் மடிப்பு அறுபடாமலே இருந்தன.

நாளைய சுமையைப் பார்க்க வந்த சுருளிவேல் வாசலில் நின்றார்.

"அதைக் கீழ ஊர்ல வச்சுப் பிரிக்காதீக டீச்சரம்மா. மலைக்குப் போறவுக யாரும் செய்யமாட்டாக."

"அண்ணன் பிரிக்காமத்தான் போனாக," என்று சொல்லி அறுத்தாள்.

உள்ளிருந்து ஒரு அட்டைப்பூச்சி மேசைமேல் விழுந்தது. போடியில் இரண்டு மாதமாக மழை இல்லை. பூச்சி கட்டைவிரல் பருமனுக்கு உப்பியிருந்தது. மெல்ல நெளிந்தது.

சுருளிவேல் குனிந்து பார்த்தார். "இப்பத்தான் ரத்தம் குடிச்சிருக்கு."

சுகிர்தம் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தாள்.

"நாளைக்கு வேணாம். சுமையை இப்பவே ஏத்துங்க. அண்ணனுக்கும் சேத்துச் சோறு கட்டிட்டு வாறேன்."