முப்பது ரூபாய் பாக்கி

"முப்பது ரூபாம்மா! எழுபத்து மூணுல கட்டுன காஷன் டெபாசிட். வாங்காம இந்த எடத்த விட்டு நகர மாட்டேன்!"

கல்லூரியின் கட்டண ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார் இன்பசேகரன். பேரன் ஜோவுக்குப் பஸ் கட்டணம் கட்டக் கோச்சடையிலிருந்து வந்தவர். கட்டி முடித்து, ரசீதைச் சட்டைப்பையில் வைத்து, வாசல் வரை போயும்விட்டார். என்ன நினைத்தாரோ, திரும்பி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

பக்கத்தில் சுவரோரமாய் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள் இரண்டாமாண்டு மாணவி பாண்டிமீனா.

"அம்மா, எங்க வார? இன்னும் ஒத்தக்கடையிலயே நிக்குதா பஸ்ஸு?"

அவளுக்கு வர வேண்டிய அரசு உதவித்தொகை வந்து சேரவில்லை. 'முதலில் நீ கட்டு, வந்ததும் திருப்பித் தருகிறோம்' என்றது அலுவலகம். இன்றைக்கு ஜன்னல் அடைப்பதற்குள் கட்டாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது. அம்மா ராக்கம்மாள் மேலூரில் கம்மலை அடகு வைத்துவிட்டுப் பணத்தோடு வந்துகொண்டிருந்தாள்.

உள்ளேயிருந்து கணக்கர் சிவபாண்டி குரல் கொடுத்தார். "ஐரின், மூணு மணி ஆச்சு. ஷட்டர இழும்மா."

"ஜன்னல்ல ஆள் நிக்கிறாரு சார்" என்றாள் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஐரின்.

ஜன்னலில் நிற்பவரைப் பேசி முடித்து அனுப்பாமல் அடைக்கக் கூடாது. அடைக்கும்வரை யார் வந்தாலும் கட்டணம் வாங்கலாம். கல்லூரியைத் தொடங்கிய பாதிரியார் போட்ட சட்டம் அது. சுவரில் எழுதியே வைத்திருந்தார்கள்.

"அந்தப் பிள்ளையும் நிக்குதே சார்?"

"பணமில்லாம நின்னா அது வேடிக்கை பாக்குறது. பெரியவர சீக்கிரம் அனுப்பு."

ஐரின் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "என்ன படிச்சீங்கய்யா?"

"கெமிஸ்ட்ரி."

"லேப்ல எதுவும் ஒடைச்சீங்களா? ஒடைச்சிருந்தா டெபாசிட்ல கழிச்சிருப்பாங்க."

"ஒரே ஒரு பிப்பெட் தாயி. ஆனா அது வெடிச்ச சத்தத்துல திருப்பரங்குன்றத்துல மயிலு பூராம் பறந்து போச்சு. திரும்பி வர ஒரு வாரம் ஆச்சுன்னா பாத்துக்கயேன்!"

"பிப்பெட் எப்படிய்யா வெடிக்கும்?"

"எங்க காலத்துச் சரக்கு அப்படி."

பாண்டிமீனா பொறுக்கமாட்டாமல் திரும்பினாள். "தாத்தா, எங்கம்மா இப்ப வந்துரும். முப்பது ரூபாய்க்கா இம்புட்டுப் பேச்சு?"

"ஒனக்கு முப்பது. அன்னைக்கு அது ஒரு மாசச் சாப்பாடு" என்றவர், மறுபடி ஜன்னலுக்குள் தலையை விட்டார்.

"ஹாஸ்டலா, வீட்டுலருந்து வந்தீங்களா?" என்றாள் ஐரின்.

"ஹாஸ்டல். அந்தச் சாம்பார் இருக்கே, கண்ணாடி! குனிஞ்சு அதப் பாத்துத்தான் தலை சீவுவோம். ஒருநாள் சோணைங்கிறவன் தட்டுல ஒரு முழுப் பருப்பு கெடந்துச்சு. அம்புட்டுப் பேரும் வரிசையில வந்து பாத்துட்டுப் போனோம்."

உள்ளே சிவபாண்டியே சிரித்துவிட்டார். சிரித்தது தெரியக் கூடாதென்று இருமினார். "ஐரின்..."

"வெவரம் கேக்காம எப்படி சார் அனுப்புறது? வார்டன் பேரு என்னய்யா?"

"அருளப்பன். அவர் ஒரு இருமு இருமுனா, மாடியில எட்டு ரூம்ல வெளக்கு தானா அணையும். ஆனா, காய்ச்சல்னு படுத்தா ராத்திரி கஞ்சி கொண்டாந்து தலமாட்டுல வச்சுட்டு, வச்சது தெரியாத மாதிரி போயிருவாரு."

ஐரினின் கை கீபோர்டில் சும்மா இருந்தது. "படிப்பு முடிஞ்ச அன்னைக்கே டெபாசிட்ட வாங்கியிருக்கலாமேய்யா? ஏன் விட்டீங்க?"

முதல்முறையாக அவர் குரல் இறங்கியது.

"வாங்கத்தான் போனேன். எனக்கு முன்னாடி நின்னவன் பணத்த வாங்கிக் கையெழுத்துப் போட்டான். 'முடிஞ்சுச்சு, போகலாம்'னு சொன்னாங்க. எனக்கு அந்த வார்த்தையக் கேக்கத் தெம்பில்ல. பாக்கி இருந்தா என்னைக்காவது திரும்பி வரலாம்ல? அப்படியே வந்துட்டேன் தாயி."

உள்ளே சிவபாண்டி பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏய், மீனா!"

வியர்வை வழிய ஓடி வந்தாள் ராக்கம்மாள். மூடிப் பிடித்த கைக்குள் மஞ்சள் பை. காது இரண்டும் வெறுமையாக இருந்தன.

இன்பசேகரன் சட்டென்று கம்பியை விட்டு விலகினார். "வா தாயி, நீ கட்டு. எனக்கென்ன, அம்பது வருசம் நின்னவன்."

ஐரின் நோட்டுகளை வாங்கினாள். அச்சுப்பொறி கரகரத்தது. ரசீதைக் கையில் வாங்கியதும் பாண்டிமீனா அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, "தாத்தா, ஒங்க டெபாசிட்டு?" என்றாள்.

அவர் அவளை வாசல் பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"நான் படிச்சது பாளையங்கோட்டையில தாயி. கதை நெசம், காலேஜுதான் வேற. நீ போன்ல பேசுனது காதுல விழுந்துச்சு. ஆள் நின்னாத்தான ஜன்னல் தெறந்திருக்கும்? ஜன்னல்ல இருக்குற புள்ள ஒரு அப்பாவி, அம்புட்டையும் நம்பிருச்சு!"

ஜன்னலைத் திரும்பிப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "அந்த முப்பது ரூபாய காலேஜே வச்சுக்கட்டும்மா. நான் வாரேன்!"

"நல்லதுய்யா" என்றபடி ஐரின் ஷட்டரைப் பாதி இழுத்தாள். பிறகு குனிந்து அந்த இடைவெளி வழியாகச் சொன்னாள்.

"அடுத்த தடவை வந்தா வருசத்த மட்டும் கொஞ்சம் மாத்திச் சொல்லுங்கய்யா. இந்தக் காலேஜ ஆரம்பிச்சதே தொண்ணூத்தெட்டுலதான்."