காட்டாத டிஸ்க்

"இன்னும் டிஸ்க்கையே காட்டலங்க!" ராம்கி போனில் கத்தினான். பழைய கம்ப்யூட்டரை, போட்டோக்களைச் சேர்த்து வைக்கும் வீட்டு சர்வராக மாற்றும் வேலையில் இறங்கியிருந்தான்.

"கத்தாதீங்க சார். ஸ்டோரேஜ் டிரைவர்ங்கிற சாஃப்ட்வேர் இல்லாட்டி டிஸ்க் தெரியாது," என்றாள் மறுமுனையில் இருந்த பெண்.

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க. கல்யாண போட்டோ அம்புட்டும் சாகக் கிடக்குற லேப்டாப்புல மாட்டிக்கிட்டு இருக்கு. போச்சுன்னா யாரு பொறுப்பு?"

"நேத்து சொன்னதை ஒழுங்கா செஞ்சிருந்தா இன்னிக்கு இந்தப் போனே வந்திருக்காது."

"அப்ப எனக்குத்தான் அறிவில்லையா?"

"அதை வேற என் வாயால சொல்லணுமா சார்? காலையில ஒரு டிரைவர் அனுப்புனேனே, ஏத்துனீங்களா?"

"ஏத்தியாச்சு. டிரைவரை எடுத்துக்கிச்சு, டிஸ்க்கைத்தான் காட்டல. எம்புட்டு தடவை சொல்றது?"

"எடுத்துக்கிச்சா?"

"எடுத்துக்கிச்சுங்கிறேன்!"

"நான் அனுப்புனது பிரிண்டர் டிரைவர். அதை எப்படி எடுத்துக்கும்?"

 ராம்கியின் எதிரே திரையில், நேற்றே ஏறி முடிந்த சர்வர் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

"கோவிச்சுக்கிட்டு ஆத்தா வீட்டுக்கு வந்தவளை நேர்ல வந்து கூப்பிட்டா மானம் போயிரும். டிஸ்க் காட்டலன்னு தெனம் போன் பண்ண மட்டும் வெக்கமில்ல," என்று மறுமுனையில் வெடித்தாள் அவன் மனைவி சத்யப்ரியா. "நீங்க வந்து கூப்பிடாம இந்த எழுமலை ஊரை விட்டு அசைய மாட்டேன்."

"வாரேன்டி! இப்பவே வாரேன்!" என்று கோபம் குறையாமல் கத்திவிட்டு, ராம்கி வண்டிச் சாவியைத் தேடினான்.