பொன்னுலிங்கத்தின் ஃபோல்டர்

கோலப்பனின் கம்ப்யூட்டர் லாகின் ஆகத் தினமும் பதினொரு நிமிடம் பிடித்தது. மேனேஜரிடம் திட்டும் வாங்கிக்கொண்டிருந்தார். சரிசெய்ய வந்த மெஹருன்னிசா காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். மூன்று வருடங்களுக்கு முன் கழித்துக்கட்டிய ஒரு கம்ப்யூட்டரில் இருந்த 'பொன்னுலிங்கம்' என்ற ஃபோல்டரை அது காலைதோறும் தேடிக் காத்திருந்தது.

"இந்த இணைப்ப எடுத்துரட்டா சார்?"

"வேண்டாம்மா. பக்கத்து சீட்டுக்காரன். செத்துப் போய்ட்டான். திரையில அவன் பேராவது கெடக்கட்டும். நான் காத்திருந்துக்கிடுதேன்."

அவள் சர்வரில் அதே பெயரில் காலியாக ஒரு ஃபோல்டரை உருவாக்கி, இணைப்பை அங்கே மாற்றிவிட்டாள். பெயர் அப்படியே இருந்தது. லாகின் இருபது வினாடியில் முடிந்தது.

அவள் போனபின் கோலப்பன் ஃபோல்டரைத் திறந்து, உள்ளே ஒரு ஃபைல் போட்டு அதில் ஒரு வரி தட்டி வைத்தார்: "லே, புது எடம் வசதியா இருக்கா?"