மூன்று சிம், ஒரு தோடு

விசாரணை அறையின் ஜன்னல் வழியே வரும் காலை வெயில் மேசையின் பாதி வரைதான் எட்டுகிறது. அந்த வெளிச்சத்தில் தையல்காரர் மூன்று சிம் கார்டுகளை வரிசையாக வைக்கிறார். செல்போன் கம்பெனிகளுக்குள் போட்டி இருக்கிறதா என்று பார்க்க அரசு அனுப்பிய அதிகாரி படிவத்திலிருந்து தலை நிமிராமல் கேட்கிறார், "உங்க ஏரியாவுல எத்தனை கம்பெனி?" "மூணு சார். ஆனா மூணுக்கும் ஒரே டவர்தான். என் சம்சாரம் செத்த அன்னைக்கு அது நின்னுபோச்சு, மூணும் போச்சு. நான் கடையில இருந்தேன். வீட்ல தனியா அவளுக்கு நெஞ்சுவலி." சட்டைப்பையிலிருந்து ஒரு தோட்டை எடுத்து சிம்களுக்குப் பக்கத்தில் வைக்கிறார். அதன் தண்டு வளைந்திருக்கிறது. "என் வீட்ல இல்லாத ஊசியா சார். அந்த நேரத்துல கைக்குக் கிடைக்கல. காதுல கிடந்ததைக் கழட்டி, போன்ல சிம் தட்டைத் திறக்கிற சின்ன ஓட்டையில இதால குத்திக் குத்தி, ஆம்புலன்ஸைக் கூப்பிட மூணு சிம்மையும் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்திருக்கா." மின்விசிறி படிவத்தின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. "அப்போ மூணு கம்பெனி இருக்கு," என்கிறார் அதிகாரி, மெதுவாக. "இருக்கு சார்." தட்டச்சு செய்யும் பெண் 'மூன்று' என்று அடிக்கிறாள். அடித்த கை அடுத்த வரிக்குப் போகாமல் தன் காதைத் தடவிப் பார்க்கிறது.