நாற்பத்து மூன்றாவது நிமிடம்

இரண்டாவது குட்டியைக் கவ்விக்கொண்டு தாய் அணில் ஏசி குழாய் போகும் ஓட்டை வழியாக வெளியேறியபோது மணி மூன்று ஐந்து.

இன்னும் ஒன்று பாக்கி.

நான்கு மணிக்கு விஷம் வைக்கிறவர்கள் வருவார்கள் என்று கட்டட மேலாளர் காலையிலேயே சொல்லிவிட்டார். அணில் கடித்த ஒயரால் இரண்டு மாடிகளுக்கு மின்சாரம் இல்லை. அவரைக் குறை சொல்ல முடியாது.

நான் ஏணியின் நான்காவது படியில் நின்றிருந்தேன். தலைக்கு மேல், பல் மருத்துவமனையின் பொய்க்கூரைக்குள், ஒரு பெண் திட்டிக்கொண்டிருந்தாள்.

“ஈரத் துண்ட கட்டில் மேல போடாதேன்னு எத்தன தடவ சொல்றது? காது கேக்குதா, இல்ல அழகுக்கு மாட்டி வெச்சிருக்கியா?”

என் வேலையே இதுதான். கூட்டுக்குப் பக்கத்தில் சின்ன ஸ்பீக்கரை வைத்து மனிதக் குரலை ஓடவிடுவேன். ஆள் விடாமல் பேசும் இடத்தில் தாய் அணிலுக்கு இருப்புக் கொள்ளாது. குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வேறு இடம் பார்க்கும். கடைசிக் குட்டியும் போனபின் ஓட்டையைக் கம்பிவலையால் அடைப்பேன். எதுவும் சாக வேண்டியதில்லை.

சத்தத்தின் அளவுதான் முக்கியம். குறைந்தால் அணில் பழகிவிடும். கூடினால் குட்டியை விட்டுவிட்டு ஓடிவிடும்.

டாக்டரம்மா நோயாளி நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் நான் பலகையை நகர்த்திக் கண்ணாடி காட்டியபோது அவரும் ஏணியில் ஏறிக் குட்டிகளை எண்ணினார். மூன்று. “ஒண்ணுக்கும் பல்லு முளைக்கல, எனக்கு வேலையில்ல” என்று இறங்கிவிட்டார்.

“யாரு தம்பி இது? நல்லா வாய்நிறையத் திட்டுறாங்க.”

“என் மனைவிங்க.”

“வீட்டுலயும் இப்படித்தானா?”

“இப்பல்லாம் திட்டுறதில்லைங்க.”

அவர் சிரித்தார்.

மேசைமேல் என் கைப்பேசியில் பதிவு நாற்பத்து இரண்டாவது நிமிடத்தைத் தொட்டது. இறங்கிப் போய் விரலால் முதலுக்கு இழுத்தேன்.

“காலைலேர்ந்து பாக்கறேன், முடிக்கவே விட மாட்டேங்கறீங்களே?”

“கடைசியில பதிவு சரியில்லைங்க.”

தாய் திரும்பி வந்து கூரைக்குள் நுழைந்த நேரம் பார்த்து மேலாளர் உள்ளே வந்தார். அண்ணாந்து கேட்டார். “இந்தம்மாவக் கட்டுனவன் கொடுத்து வைக்காதவன்யா.”

“ஆமா சார்.”

“இன்னும் கொஞ்சம் சத்தமா வெச்சா சீக்கிரம் ஓடுமில்ல?”

நான் கையை நீட்டுவதற்குள் அவர் சத்தத்தை முழுக்க ஏற்றிவிட்டார்.

கூரைப் பலகைகள் அதிர்ந்தன. மேலே நகங்கள் பிறாண்டும் சத்தம். தாய் வெறும் வாயோடு ஓட்டையிலிருந்து பாய்ந்து ஜன்னலுக்கு வெளியே இருந்த மரத்துக்குள் மறைந்தது.

நான் சத்தத்தைக் குறைத்தேன். பக்கத்து அறையில் யாரோ முணுமுணுப்பது போல ஆகும்வரை குறைத்தேன்.

மூன்று இருபது. மூன்றாவது குட்டி கத்த ஆரம்பித்தது. ஊசி முனை போன்ற குரல்.

மூன்று முப்பத்தைந்து. கத்துவது விட்டு விட்டுக் கேட்டது.

மூன்று நாற்பதுக்கே விஷம் வைக்கிறவர்கள் வந்துவிட்டார்கள். தாழ்வாரத்தில் ரப்பர் கையுறை மாட்டும் சத்தம் கேட்டது. டாக்டரம்மா எழுந்து கதவைச் சாத்தினார்.

மூன்று நாற்பத்தெட்டுக்கு ஓட்டையில் ஒரு தலை தெரிந்தது.

தாய் அங்கேயே நின்றது. கேட்டது. மேலே என் மனைவி மூடாத பற்பசையைப் பற்றித் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். அணில் உள்ளே போனது.

வெளியே வந்தபோது அதன் வாயில் குட்டி இருந்தது. குழாய்மேல் ஓடி, கிளைக்குத் தாவி, இலைகளுக்குள் போய்விட்டது.

டாக்டரம்மா நெஞ்சில் கைவைத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

கைப்பேசியில் நாற்பத்து ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. என் விரல் அதன்மேல் இருந்தது.

“அவ்வளவுதானே? நிறுத்துய்யா, கேட்டுக் கேட்டுச் சலிச்சுப்போச்சு” என்றார் மேலாளர்.

“இன்னும் ஒண்ணு இருக்கு சார்.”

“காலைல மூணுன்னு சொன்னீங்களே டாக்டர்?”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நகராத என் விரலைப் பார்த்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்லப் போனது.

“இருட்டுல சரியாத் தெரியல. நாலு” என்றார். “அவங்கள வெளியிலயே நிக்கச் சொல்லுங்க.”

மேலாளர் முனகிக்கொண்டே போனார்.

இந்தப் பதிவுக்கு நான் அவளைச் செய்தித்தாள் படிக்கத்தான் சொன்னேன். “செய்தி படிச்சா அணில் தூங்கிடும், திட்டுனாதான் ஓடும்” என்று சொல்லிவிட்டு, ஒரு ஞாயிறு காலை, என் எதிரே உட்கார்ந்து என்னையே திட்டினாள். அவள் இறந்துபோய் ஒன்பது மாதம் ஆகிறது. வேலை இல்லாத நேரத்தில் இதைப் போட்டதில்லை. கடைசி நிமிடத்தை ஒருமுறைகூட ஓடவிட்டதில்லை.

நாற்பத்து இரண்டு.

விரலை எடுத்தேன்.

கூரைக்குள் திட்டு நின்றது. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு அவள் சிரித்தாள்.

“போதுமா? எல்லாம் ஓடியிருக்கும். நீ மட்டும் ஏன் இன்னும் நிக்கிற? போ, போய் சாப்பிடு.”