பாதி மேசை

ஒரு மேசையிலை பாதியை மட்டும் உரஞ்சி மெருகு போடுற ஆளை நீங்கள் எங்கையாவது கண்டிருக்கிறியளோ?

நான் கண்டன். வேறை ஆருமில்லை, என்ரை மாமா தம்பிஐயாதான்.

காலமை சின்னவனுக்குப் பால் காய்ச்சிப்போட்டு வாறன், மாமா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு உரஞ்சுற கடதாசியும் கையுமா நிக்கிறார். நல்ல முதிரை மரத்து மேசை. சுவர்ப் பக்கத்துப் பாதியிலை இருந்த வார்னிஷ் முழுக்க உரிஞ்சு போச்சு.

"என்ன மாமா, திடீரெண்டு?"

"வெயில் பட்டு வெளிறிப்போச்சு, பிள்ளை."

வெயில் படுறது யன்னல் பக்கமெல்லே! மூத்தவள் மை ஊத்தினதும் அங்கைதான். சுவர்ப் பக்கம் நேற்றுவரை முகம் பாக்கலாம் போலை மினுங்கினது. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை.

வேலிக்கு அங்காலை ஞானாம்பிகையக்கா எட்டிப் பாத்தா.

"என்ன தம்பிஐயா அண்ணை, மேசைக்குச் சவரமோ? ஒரு கன்னத்தை மட்டும் வழிக்கிறியள்!"

மாமா சும்மா சிரிச்சார்.

"எண்டாலும் அண்ணை, நேற்று நீங்கள் செய்ததைத்தான் ஊரெல்லாம் கதைக்குது. பெரிய மனம் உங்களுக்கு."

அது உண்மை. போன கிழமை வல்வெட்டித்துறையிலை என்ரை சின்னவனை அலை இழுக்கேக்கை, கடலுக்கை பாய்ஞ்சு தூக்கித் தந்தவர் மீன்பிடிக்கிற யாகப்பு அண்ணை. நேற்று மாமா அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு, "வாரும் தம்பி, இரும்" எண்டு தனக்கு நேரெதிரை இருத்திச் சோறு போடுவிச்சார். வேறை சாதி ஆள் ஒருத்தர் எங்கடை மேசையிலை இருந்து சாப்பிட்டது அதுதான் முதல்தரம். கறி விளம்பின எனக்குக் கண் கலங்கிப்போச்சு.

"மாமா, சின்னவனுக்கு ஏடு தொடக்கி 'அ' எழுதுவிக்கேக்கையும் யாகப்பு அண்ணையைக் கூப்பிடுவமே?"

"ஓம், ஓம். கூப்பிடத்தானே வேணும். பிள்ளையின்ரை உயிரைத் தந்தவனெல்லே."

எனக்கு ஒரே சந்தோசம். நானும் ஒரு கடதாசித் துண்டை எடுத்து யன்னல் பக்கத்தை உரஞ்சத் தொடங்கினன்.

"அதை விடு, பிள்ளை. அது துப்புரவாத்தான் கிடக்கு."

மை ஊத்தின பக்கமோ துப்புரவு? நான் முழுசினன்.

மாமா வேலியைப் பாத்தார். ஞானாம்பிகையக்கா உள்ளை போயிட்டா. குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அவன் வரேக்கை, நேற்று இருந்த பக்கத்திலையே இருத்திவிடு, பிள்ளை. முழு மேசையையும் உரஞ்ச என்னாலை ஏலாது."